பாறை சிதைவது வேறு, மண் அரிபடுவது வேறு

மாமல்லபுரம் போனவர்கள் அந்தப் பாறையைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். வழுக்கும் சரிவில், இதோ உருண்டுவிடப் போகிறது என்பதுபோல் நிற்கும் பெரிய உருண்டை. ஏறத்தாழ 6 மீட்டர் உயரம், 250 டன் எடை இருக்கும் என்பார்கள். கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை என்று பெயர். ஒரு முறை நான் அங்கே நின்றுகொண்டிருந்தபோது ஒரு சிறுவன் தன் அப்பாவிடம், "இது எப்படிப்பா இவ்வளவு உருண்டையா ஆச்சு?" என்று கேட்டான். "ஆத்துல உருண்டு உருண்டு வந்திருக்கும்டா, கூழாங்கல் மாதிரி" என்றார் அவர். பக்கத்தில் நின்ற பெரியவர், "இல்லைங்க, கடல் அலை அரிச்சிருக்கு" என்றார்.

இரண்டும் நியாயமான ஊகங்கள். ஆனால் இரண்டுமே சரியில்லை. அந்தப் பாறை எங்கிருந்தும் வரவில்லை, எதுவும் அதை உருட்டவும் இல்லை. இருந்த இடத்திலேயே இருந்து உருண்டையானது. அதைச் சுற்றி இருந்தவைதான் போய்விட்டன.

"இருந்த இடத்திலேயே" என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மண்ணைப் பற்றி நாம் பேசும்போது வரும் குழப்பத்தில் பாதி, இதைத் தவறவிடுவதால் வருவது.

## ஒரு சொல், இரண்டு வேலை

தமிழில் "அரிப்பு" என்பதை எதற்கெல்லாம் சொல்கிறோம் பாருங்கள். துரு இரும்பை அரிக்கிறது. உப்பு சுவரை அரிக்கிறது. வெள்ளம் கரையை அரிக்கிறது. பேச்சு வழக்கில் எல்லாம் சரிதான். ஆனால் இவற்றில் இரண்டு வெவ்வேறு வேலைகள் கலந்து கிடக்கின்றன.

கொல்லையில் மறந்துபோன ஒரு மண்வெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மழையில் நனைந்து துருப்பிடிக்கிறது. தகடு பொருக்குப் பொருக்காக உதிரும் அளவுக்கு வந்துவிட்டது. ஆனாலும் அந்தத் துரு இன்னும் அங்கேயேதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த பெருமழையில் துரு கழுவப்பட்டு வாய்க்காலுக்குப் போகிறது. முதலில் நடந்தது கெட்டுப்போனது, அப்புறம் நடந்தது இடம்பெயர்ந்தது.

பாறைக்கும் இதே இரண்டு கட்டங்கள் உண்டு. காற்று, நீர், வெப்பம், உப்பு, உயிரினங்கள் ஆகியவற்றால் பாறை இருந்த இடத்திலேயே உடைவதும் மக்குவதும் வானிலைச் சிதைவு. சுருக்கமாக இனிச் சிதைவு என்றே சொல்கிறேன். அப்படித் தளர்ந்ததை நீரோ காற்றோ அலையோ அள்ளிக்கொண்டு போவது அரிப்பு. அள்ளிப் போனதை வேகம் குறைந்த இடத்தில் இறக்கி வைப்பது படிவு.

சிதைவுக்கு நகரவே வேண்டாம். அரிப்பு என்றால் நகர்ந்தே ஆக வேண்டும். பள்ளிக்கூடத்தில் மூன்றையும் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டதால் மூன்றும் ஒன்றுதான் என்று பலருக்குத் தங்கிவிட்டது.

## மூலை ஏன் முதலில் மழுங்குகிறது?

மாமல்லபுரத்துப் பாறை கிரானைட் வகையைச் சேர்ந்தது, நாம் கருங்கல் என்று சொல்வது. இந்த வகைப் பாறைகள் பூமிக்குள் வெகு ஆழத்தில் உருவானவை. மேலே அழுத்திக்கொண்டிருந்த சுமை பல கோடி ஆண்டுகளில் நீங்கும்போது பாறை கொஞ்சம் விரிகிறது, விரிசல் விடுகிறது. மைசூர்பாகுத் தட்டில் கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டதுபோல, விரிசல்கள் பாறையைப் பெரிய பெரிய கட்டிகளாகப் பிரிக்கின்றன.

மழைநீர் அந்த விரிசல்களுக்குள் இறங்குகிறது. கட்டியின் தட்டையான முகத்தை நீர் ஒரு பக்கமிருந்துதான் தாக்க முடியும். இரண்டு முகங்கள் சேரும் விளிம்பை இரண்டு பக்கமிருந்து தாக்கும். மூன்று முகங்கள் சேரும் மூலையை மூன்று பக்கமிருந்தும் தாக்கும். ஆகவே மூலை முதலில் தீர்கிறது, அடுத்து விளிம்பு, கடைசியில் முகம். சதுரமாக இருந்தது உருண்டையாகிறது.

வீட்டிலேயே பார்க்கலாம். மூலை கூராக உள்ள ஒரு கற்கண்டுத் துண்டைத் தண்ணீரில் போட்டு, அசைக்காமல் விட்டுவிடுங்கள். யாரும் உருட்டாமலே சற்று நேரத்தில் மூலைகள் மழுங்கியிருக்கும்.

இதற்கு உருண்டைச் சிதைவு என்று பெயர். பெரும்பாலும் இது மண்ணுக்கு அடியிலேயே நடக்கிறது. விரிசலை ஒட்டிய பாறை மக்கிப் பொலபொலவென்று ஆகிவிட, நடுவில் கெட்டியான உருண்டை மிஞ்சுகிறது. மலைப்பாதைக்காகச் சரிவை வெட்டிய இடங்களில் கவனித்துப் பாருங்கள். சிவந்த பொடிக்குள் கெட்டியான கல் உருண்டைகள் பதிந்திருக்கும், சிலவற்றைச் சுற்றி வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காகப் பொரிந்திருக்கும். பிறகு மழை அந்தப் பொடியைக் கழுவிக்கொண்டு போனால் உருண்டைகள் மட்டும் வெளியே நிற்கும். செஞ்சி மலைகளைப் பார்த்தால் யாரோ லாரி லாரியாகப் பாறையைக் கொண்டுவந்து கொட்டியதுபோல் இருக்கிறதல்லவா? கொட்டியது யாரும் இல்லை. அவை அந்த மலையின் மிச்சம்.

ஆக, உருண்டையாக்கியது சிதைவு. வெளியே எடுத்து நிறுத்தியது அரிப்பு.

## உடைவது ஒரு வழி

சிதைவு இரண்டு விதமாக நடக்கும். தேங்காயைத் துருவினால் அளவு மாறுகிறது, தேங்காய் தேங்காயாகவே இருக்கிறது. பால் தயிரானால் பொருளே மாறிவிடுகிறது. பாறை துண்டாவது முதல் வகை, இயற்பியல் சிதைவு. பாறை வேறு பொருளாக மாறுவது இரண்டாவது வகை, வேதியியல் சிதைவு.

உடைவதற்கு நாம் படிக்கும் முதல் உதாரணம் பனிக்கட்டி. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கிறது. ஃபிரீசரில் மறந்துவிட்ட கண்ணாடி பாட்டில் வெடிப்பது அதனால்தான். விரிசலுக்குள் நீர் உறைந்து உறைந்து உருகினால் பாறை பிளக்கும். லடாக்கில் இது அன்றாடக் காட்சி. ஆனால் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு முதல் உதாரணமாக இதைச் சொல்வது எனக்கு என்றுமே சரியாகப் பட்டதில்லை. நம் வீட்டுச் சுவரிலேயே வேறொன்று இருக்கிறது: உப்பு.

உவர் ஏறிய சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். பூச்சு பொரிந்து, செங்கல் மாவுமாவாக உதிர்ந்திருக்கும். தரையிலிருந்து உப்புத் தண்ணீர் செங்கல்லின் நுண்துளைகளில் ஏறுகிறது. தண்ணீர் காய்ந்துவிட, உப்பு உள்ளேயே படிகமாக வளர்கிறது. வளரும் படிகம் துளையின் சுவரைத் தள்ளுகிறது. ஒவ்வொரு முறை நனைந்து காயும்போதும் இன்னும் கொஞ்சம். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் சிற்பங்களில் முகங்கள் மழுங்கிப்போனதற்குக் கடல் உப்பும், காற்றில் பறந்துவந்து உரசும் மணலும் சேர்ந்து காரணம்.

வேரும் இதே வேலையைச் செய்யும். கோபுரத்தில் காக்கை போட்ட விதையிலிருந்து முளைத்த அரசங்கன்றைச் சின்னதிலேயே பிடுங்காவிட்டால் கல்லே நகர்ந்துவிடும் என்பது கோயில் பராமரிப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். வெப்பமும் பாறையைப் படலம் படலமாகப் பெயர்க்கக்கூடியது. பாறைமேல் தீ மூட்டிச் சூடாக்கிப் பலகைபோல் பெயர்த்தெடுக்கும் முறை தென்னிந்தியக் கல்லுடைப்பவர்களிடம் இருந்தது.

உடைவதால் இன்னொரு விளைவு உண்டு, அதுதான் முக்கியம். பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள ஒரு கனசதுரக் கல்லுக்கு வெளிப்பரப்பு 600 சதுர செ.மீ. அதையே 1 செ.மீ. துண்டுகளாக நறுக்கினால் 1,000 துண்டுகள், மொத்த வெளிப்பரப்பு 6,000 சதுர செ.மீ. கல் அதேதான், ஆனால் நீர் தொடக்கூடிய இடம் பத்து மடங்கு. வெல்லத்தைத் தட்டிப் போட்டால் சீக்கிரம் கரைவதும் இதனால்தான். உடைந்த பாறைதான் வேகமாக மக்கும்.

## மக்குவது இன்னொரு வழி

ஒரு கருங்கல் துண்டை உற்றுப் பார்த்தால் அதில் மூன்று விதமான மணிகள் தெரியும். கண்ணாடிபோல் இருப்பது குவார்ட்ஸ், கிராமத்தில் வெங்கச்சங்கல் என்பார்கள். வெளுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ தட்டையான முகத்தோடு இருப்பது ஃபெல்ட்ஸ்பார். கறுப்பாக மினுக்குவது மைக்கா, நம் காக்காப்பொன்.

இதை ஒரு கடலை உருண்டையாக நினைத்துக்கொள்ளுங்கள். கடலை உருண்டையை மழையில் வைத்தால் வெல்லம் கரைந்துவிடும். வெல்லம் போனதும் பிடிப்பு விட்டு, கடலை தனித்தனியாக உதிரும். கருங்கல்லில் குவார்ட்ஸ்தான் கடலை, நீரில் கிட்டத்தட்ட எதுவும் ஆகாது. ஃபெல்ட்ஸ்பாரும் மைக்காவும் வெல்லத்தின் இடத்தில் இருப்பவை. ஒரு வேறுபாடு உண்டு. வெல்லம்போல் அவை முழுக்கக் கரைந்து மறைவதில்லை. அவற்றிலிருந்து பொட்டாசியம், சோடியம், கால்சியம் முதலியவை நீரில் போய்விட, மிஞ்சுவது களிமண்ணாகிறது. மைக்காவில் உள்ள இரும்பு துருப்பிடித்துச் சிவக்கிறது.

நான் முதலில் இதைப் புரிந்துகொண்டபோது வெகுநேரம் ஒரு கல்லைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆற்று மணல், குயவர் கையில் இருக்கும் களிமண், செம்மண்ணின் சிவப்பு, பயிருக்கு வேண்டிய சாம்பல் சத்து, இவை எல்லாம் இந்த ஒரு கல்லுக்குள் இருந்தவை.

வெறும் தண்ணீரால் இது எப்படி முடிகிறது? மழைநீர் வெறும் தண்ணீர் இல்லை. காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு அதில் கொஞ்சம் கரைந்து மிக மென்மையான அமிலமாகிறது. சோடா பாட்டிலில் இருக்கும் அதே கார்பானிக் அமிலம்தான், மிக மிக நீர்த்த நிலையில். மண்ணுக்குள் இறங்கியதும் அதன் வலு கூடுகிறது. வேர்களும் நுண்ணுயிரிகளும் மூச்சு விடுவதால் மண்ணுக்குள் கார்பன் டை ஆக்சைடு வெளிக்காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். மேலே வளரும் செடி, கீழே இருக்கும் பாறையை மக்கவைத்துத் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது.

சுண்ணாம்புக்கல் மட்டும் இந்த அமிலத்தில் ஏறக்குறைய முழுதும் கரைந்தே போகும். யாழ்ப்பாணக் குடாநாடு அப்படிப்பட்ட கல்லின் மேல்தான் இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கே இல்லை. மழைநீர் கல்லில் உண்டான துளைகள் வழியே நிலத்தடிக்கு இறங்கிவிடுகிறது. அடி காண முடியாதது என்று சொல்லப்படும் நிலாவரைக் கிணறு, இப்படிக் கரைந்து உண்டான பள்ளம்.

இதுவரை பார்த்தது: பாறை உடைகிறது, மக்குகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று உதவுகின்றன. முடிவில் மணல், களிமண், துரு, நீரில் கரைந்த சத்துகள் கிடைக்கின்றன. இன்னும் எதுவும் நகரவில்லை.

## பொடி எப்போது மண் ஆகிறது?

"மண் என்றால் பொடியான பாறை" என்று சொன்னால் பாதிதான் சரி. இன்று கட்டடம் கட்டும் இடங்களிலெல்லாம் எம்-சாண்ட் குவிந்து கிடக்கிறது. கருங்கல்லை இயந்திரத்தில் போட்டு நொறுக்கிய தூள் அது. அதில் ஒரு வெண்டை விதையை ஊன்றிப் பாருங்கள். முளைக்கலாம், ஆனால் தேறாது. இயந்திரம் உடைக்க மட்டும்தான் செய்தது. மக்கவைக்கவில்லை, உயிர் எதையும் சேர்க்கவில்லை.

நல்ல தோட்ட மண்ணில் ஒரு கைப்பிடியை எடுத்தால் அதில் பாறையிலிருந்து வந்தது ஏறத்தாழ பாதிதான். மீதிப் பாதி துளைகள், அவற்றில் நீரும் காற்றும் நிறைந்திருக்கின்றன. மக்கிய இலை தழை 5 சதவீதம் இருந்தாலே நல்ல மண் என்பார்கள். நம் வெயிலில் மக்கு வேகமாகத் தீர்ந்துபோவதால் பல வயல்களில் அதைவிட வெகு குறைவு. அப்புறம் மண்புழு, எறும்பு, பூஞ்சை, கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா எல்லாம் சேர்ந்து அந்தப் பொடியை மண் ஆக்குகின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரஷ்யரான வாசிலி டோகுசாயேவ் இதை வலியுறுத்தினார். பாறை, தட்பவெப்பம், உயிரினங்கள், நிலத்தின் சரிவு, காலம் ஆகியவை சேர்ந்து உருவாக்கும் தனி இயற்கைப் பொருள் மண் என்றார். இன்றைய மண்ணியலுக்கு அதுதான் அடிப்படை.

மண்புழுவின் வேலையை அளந்து பார்த்தவர் சார்லஸ் டார்வின். 1842இல் இங்கிலாந்தில் தன் வீட்டருகே ஒரு நிலத்தின் மேல் சுண்ணாம்புக்கல் துண்டுகளைப் பரப்பிவிட்டு, 29 ஆண்டுகள் காத்திருந்தார். 1871இல் குழி வெட்டிப் பார்த்தபோது அந்த வெள்ளைத் துண்டுகள் 7 அங்குல ஆழத்தில் வரிசையாக இருந்தன. கல் தானாகப் புதையவில்லை. மண்புழுக்கள் கீழிருந்த மண்ணைத் தின்று மேலே கொண்டுவந்து கழித்துக் கழித்து, கல்லை மூடிவிட்டன. ஒரு கேள்விக்கு விடை காண 29 ஆண்டு பொறுமையாக இருந்த அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

மண் உருவாவதை ஒரே பார்வையில் காண வேண்டுமென்றால் புதிதாகக் கிணறு வெட்டும் இடத்துக்குப் போங்கள். மேலே ஓரிரு சாண், கொஞ்சம் கருத்த மேல்மண், வேர்களும் புழுக்களும் நிறைந்தது. அதற்குக் கீழே நிறம் மாறி, மேலிருந்து நீர் இறக்கிவிட்ட களி சேர்ந்த அடுக்கு. இன்னும் கீழே, பாறைபோலவே தெரிந்தாலும் கையால் நெரித்தால் உதிரும் அடுக்கு. கடப்பாரையால் பெயர்த்துவிடலாம். அதற்கும் கீழே போனால் வெடி வைத்தால்தான் அசையும் கெட்டிப் பாறை. இந்த வரிசைக்கு மண் அடுக்கமைவு என்று பெயர். அதைக் கீழிருந்து மேலாகப் படித்தால், பாறை மண்ணான வரலாறு.

1 செ.மீ. மண் உருவாகச் சில நூறு ஆண்டுகள் ஆகும். கெட்டியான கருங்கல், குறைந்த மழை என்றால் ஆயிரத்தைத் தாண்டலாம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, செங்கல் சூளைக்காக ஒரு முழ ஆழத்துக்கு மேல்மண்ணை விற்றுவிட்ட வயலைப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. "கீழே இன்னும் மண் இருக்கிறதே, உரம் போட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். கீழே இருப்பது களியும் சரளையும். உயிருள்ள அடுக்கு லாரியில் ஏறிப் போய்விட்டது.

## சிவப்பும் கறுப்பும்

கரிசல் மண் எரிமலையால் வந்தது என்று படித்திருப்போம். மகாராஷ்டிரத்தில் அது சரி. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பொங்கி வழிந்த எரிமலைக் குழம்பு இறுகி பசால்ட் பாறையாகி, அது மக்கித்தான் அங்கே கரிசல் வந்தது. ஆனால் அந்தக் குழம்பு தமிழ்நாடு வரை வரவே இல்லை. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல், நைஸ் முதலான பழம்பாறைகள் வறண்ட தட்பவெப்பத்தில் மக்கி உருவானது.

ஒரே மாதிரிப் பாறையிலிருந்து மேட்டில் செம்மண்ணும் பள்ளத்தில் கரிசலும் உண்டாவதைத் தென்னிந்தியாவில் பல இடங்களில் பார்க்கலாம். மேட்டில் நீர் நிற்காது. கால்சியம் போன்றவை கழுவப்பட்டுப் போக, காற்று நன்றாகப் புகுந்து இரும்பு துருவாகிறது. அதுதான் சிவப்பு. பள்ளத்தில் நீர் தேங்கும், மேட்டிலிருந்து வந்த கால்சியமும் அங்கே சேரும். அங்கே உருவாகும் களி வேறு ரகம், நீரை உறிஞ்சிப் பெருத்து, காய்ந்தால் சுருங்கும். கோடையில் கரிசல் காட்டில் காலை விட்டால் புதையும் அளவுக்கு வெடிப்பு விடுவதும், மேல்மண் வெடிப்புக்குள் விழுந்து தன்னைத்தானே உழுதுகொள்வதும் அந்தக் களியால். கறுப்பாக இருப்பதால் அதில் மக்கு நிறைய என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

மழை மிக அதிகமான இடத்தில் சிதைவு இன்னும் ஒரு படி மேலே போகும். சிலிக்கா உட்படப் பலவும் கழுவப்பட்டு, பெரும்பாலும் இரும்பும் அலுமினியமும் மிஞ்சும். 1800களின் தொடக்கத்தில் மலபாரில் அங்காடிப்புரம் அருகே பிரிட்டிஷ் ஆய்வாளர் பிரான்சிஸ் புக்கானன் இப்படி ஒரு மண்ணைக் கண்டார். தோண்டும்போது மென்மையாக இருக்கும், வெட்டி வெளியே வைத்தால் கல்லாக இறுகிவிடும். மக்கள் அதைச் செங்கல்போல் வெட்டி வீடு கட்டினார்கள். செங்கல்லுக்கு லத்தீன் சொல்லான லேட்டர் என்பதிலிருந்து 1807இல் அதற்கு லேட்டரைட் என்று பெயர் வைத்தார். நாம் செம்பாறாங்கல் என்போம்.

## இனிதான் அரிப்பு

மழை பெய்து ஓய்ந்ததும், வெள்ளையடித்த சுவரின் அடியைப் பாருங்கள். முழங்கால் உயரம் வரை செம்மண் புள்ளிகள். மண்ணை அங்கே எறிந்தது மழைத்துளி. பெரிய துளி மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வந்து மோதுகிறது. மண் கட்டிகளை உடைத்துச் சிதறடிக்கிறது. சிதறிய நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்ள, நீர் உள்ளே இறங்காமல் மேலே ஓடத் தொடங்குகிறது. ஓடும் நீர் முதலில் தாள்போல் மெல்லிய படலமாக மண்ணை எடுக்கும், கண்ணுக்கே தெரியாது. அப்புறம் விரல் அகல வாய்க்கால்கள், கடைசியில் ஆள் இறங்கும் பள்ளங்கள்.

எல்லோரும் கவலைப்படுவது அந்தப் பள்ளத்தைப் பார்த்து. சேதம் தொடங்கியது முதல் துளியில். அதனால்தான் வைக்கோலையோ சருகையோ பரப்பிய மூடாக்கு இவ்வளவு வேலை செய்கிறது. துளி மண்ணில் மோதவே விடுவதில்லை. சரிவுக்குக் குறுக்கே உழுவதும் வரப்பு போடுவதும் ஓடும் நீரின் வேகத்தைக் குறைக்கின்றன.

காற்றும் அள்ளும். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் தேரிக்காட்டில் நடந்திருக்கிறீர்களா? கண்ணுக்கெட்டிய தூரம் ரத்தச் சிவப்பில் மணல் மேடுகள். ஒவ்வொரு மணியின் மேலும் இரும்பு ஆக்சைடு பூசியிருக்கிறது. அந்தப் பூச்சு சிதைவின் வேலை, அதைக் குவித்தது காற்று.

நிலச்சரிவை "மண் அரிப்பு" என்று செய்திகளில் எழுதுகிறார்கள். அது அரிப்பிலிருந்து வேறானது. அங்கே நீர் மண்ணைத் துகள் துகளாக எடுத்துப் போவதில்லை, முழுச் சரிவும் தன் எடையால் ஒரே நேரத்தில் இறங்குகிறது. கடற்கரையில் ஈர மணலில் கோயில் கட்டிய அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். காய்ந்த மணல் நிற்காது, கொஞ்சம் ஈரமிருந்தால் நிற்கும், அதிகமாகத் தண்ணீர் விட்டால் அப்படியே சாய்ந்துவிடும். துளைகள் முழுக்க நீர் நிறையும்போது துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் பிடி தளர்ந்துவிடுகிறது.

மலைகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சிதைவு உருவாக்கி வைத்த தளர்ந்த அடுக்கு, கெட்டிப் பாறையின் மேல் சாய்வாக உட்கார்ந்திருக்கிறது. விடாமல் பெய்யும் மழையில் அது கனத்துப் பிடி விட்டால், கீழே இருப்பவர்களுக்கு ஓட நேரம் கிடைப்பதில்லை. 2014 அக்டோபர் 29 அன்று இலங்கையின் கொஸ்லந்தை, மீரியபெத்தையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் எனும் வரிசை வீடுகள் மண்ணுக்குள் போயின. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை. சரிவில் புதிய விரிசல், சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று ஆகியவை முன்னறிகுறிகள். மலையில் வாழ்பவர்கள் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

இப்படியே தேய்ந்துகொண்டு போனால் பூமி தட்டையாகிவிடாதா என்று ஒரு கேள்வி வரும். பூமிக்குள் இருக்கும் விசைகள் நிலத்தை உயர்த்திக்கொண்டும் இருக்கின்றன. இந்திய நிலத்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டுவதால் இமயமலை இன்றும் உயர்கிறது, இன்றும் தேய்கிறது.

## அள்ளியது எங்கே போகிறது?

"அரித்தல்" என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் இருக்கிறது. பழைய காலத்தில் அரிசியை நீரில் சுழற்றிச் சுழற்றிக் கல் அரிப்பார்கள். நீர் சுழலும் வேகத்தில் அரிசி அடுத்த பாத்திரத்துக்குப் போகும், கனமான கல் அடியிலேயே தங்கும். ஆறும் இதையேதான் செய்கிறது. வேகமாக ஓடும்போது எல்லாவற்றையும் தூக்கிச் செல்லும். வேகம் குறையக் குறைய முதலில் பெரிய கல், பிறகு மணல், பிறகு வண்டல், கடைசியில் களி என்று வரிசையாக இறக்கி வைக்கும்.

குடகில் தலைக்காவிரியில் தொடங்கி ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடும் காவிரியை இப்படிப் பாருங்கள். மலைப்பகுதியில் உருண்டைக் கற்கள். கரூர், திருச்சி பக்கம் அகலமான மணற்படுகை. தஞ்சைக்குக் கீழே வண்டலும் களியும். நெல் விளையும் அந்த வண்டல், மேலே எங்கோ ஒரு பாறையில் ஃபெல்ட்ஸ்பாராக இருந்தது. கரூரில் கிடக்கும் மணல், கடலை உருண்டையில் கரையாமல் மிஞ்சிய அந்தக் கடலை.

இப்போது மணல் குவாரியை நினைத்துப் பாருங்கள். ஆறு மணலை "உற்பத்தி" செய்கிறது, அள்ளினால் அடுத்த வெள்ளத்தில் வந்துவிடும் என்று பலர் உண்மையாகவே நம்புகிறார்கள். ஆறு மணலைச் செய்வதில்லை, கொண்டுவருகிறது. செய்வது சிதைவு, அதன் வேகம் மேலே சொன்னதுதான். கொண்டுவரும் வேலையையும் அணைகள் குறைத்துவிட்டன. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்ததிலிருந்து, மேலிருந்து வருவதில் பெரும்பகுதி தேங்கிய நீரில் அங்கேயே படிந்துவிடுகிறது. பொக்லைன்கள் அள்ளும் வேகத்துக்கு வெள்ளம் கொண்டுவருவது ஈடாகாது.

நம் முன்னோர் படிவை நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்கள். கோடையில் ஏரி வற்றியதும் வண்டி கட்டி, ஏரி வண்டலை அள்ளி வயலில் அடிப்பார்கள். மழை தங்கள் மேட்டு வயலிலிருந்து அரித்துக் கொண்டுபோன மேல்மண்ணைத் திரும்ப எடுத்துவந்தார்கள். ஏரியும் ஆழமாகும்.

## ஒரு பாட்டில் மண்

உங்கள் தோட்டத்து மண்ணில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆய்வகம் வேண்டாம். ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, கழுத்துவரை தண்ணீர் ஊற்றி, மூடி நன்றாகக் குலுக்குங்கள். பிறகு தொடாமல் ஜன்னலோரம் வையுங்கள்.

முதல் நிமிடத்திலேயே மணல் அடியில் போய் உட்கார்ந்துவிடும். அதன் மேல் வண்டல் படிய சில மணி நேரம் ஆகும். நீர் இன்னும் கலங்கலாக இருந்தால் அதில் களி மிதக்கிறது, அது தெளிய ஒரு நாளோ அதற்கு மேலோ பிடிக்கும். மேலே மிதக்கும் கருத்த துணுக்குகள் மக்கு. ஒவ்வொரு அடுக்கையும் அளவுகோல் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மணல் பாதிக்கு மேல் இருந்தால் நீர் சீக்கிரம் வடிந்துவிடும் மண், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட வேண்டும். களி அதிகமென்றால் நிதானமாக, இடைவெளி விட்டு. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் மேட்டிலிருந்து ஒரு பாட்டில், பள்ளத்திலிருந்து ஒரு பாட்டில் என்று இரண்டாகச் செய்யச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எதில் களி அதிகம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். ஏன் என்றும் கேளுங்கள்.